யாருடைய வாயில் யாருடைய சொல்? பழைய நாடகங்களைக் கணினி கொண்டு எண்ணுதல்

காளிதாசரின் சாகுந்தல நாடகத்தின் ஆறாம் அங்கம் ஒரு காவல் விசாரணையுடன் தொடங்குகிறது. கைகள் பின்னால் கட்டப்பட்ட ஒரு மீனவரைக் காவலர் இருவர் அடித்து இழுத்து வருகின்றனர். அரசனின் பெயர் பொறித்த மோதிரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதே கேள்வி. தாம் மீன் பிடித்துக் குடும்பம் காப்பவர் என்று அவர் சொன்னதும், காவல் தலைவன் அந்தத் தொழிலின் தூய்மையைக் கேலி செய்கிறான். பிறப்போடு வந்த தொழிலை இகழ்ச்சிக்கு அஞ்சிக் கைவிடலாகாது என்றும், இரக்கமுள்ள வேதியரும் வேள்வியில் விலங்கைக் கொல்லத்தானே செய்கிறார் என்றும் மீனவர் பதிலுரைக்கிறார். மோதிரம் மீன் வயிற்றில் கிடைத்தது என்ற அவரது சொல் ஏற்கப்படுகிறது, பரிசும் வருகிறது. அதில் பாதியைக் காவலர்களுக்கே கொடுத்துவிட்டு அவர் போகிறார்.

இக்காட்சியில் மீனவர் சமஸ்கிருதம் பேசுவதில்லை. மாகதிப் பிராகிருதம் பேசுகிறார். இன்னும் சரியாகச் சொன்னால், பேச வைக்கப்படுகிறார். நாடகம் என்ற கலை வடிவத்தின் அடிப்படையே இதுதான். எழுதுபவர் ஒருவர்; பேசுபவர் பலர். அரசனின் சொல்லையும் அடிபடுபவரின் சொல்லையும் ஒரே கை எழுதுகிறது. அந்தக் கை யாருடையது, அது யாருக்கு எவ்வளவு பேச்சை, எந்த மொழியில், எந்தத் தொனியில் பங்கிட்டுத் தந்தது என்று கேட்பது இலக்கிய ஆய்வு மட்டுமன்று, அதிகார ஆய்வும் ஆகும்.

இக்கேள்விகளுக்கு விடை தேடக் கணினி இன்று பெருமளவில் பயன்படுகிறது. நடையளவியல், கணினிவழி மொழியாய்வு, உரைத்தரவகம் என்னும் சொற்கள் கல்லூரிகளில் வலம் வருகின்றன. எண் என்றாலே நடுநிலை என்ற மயக்கமும் உடன் வருகிறது. இம்முறைகள் எவ்வாறு இயங்குகின்றன, எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதைத் தலித் இயக்கத்தவரும் மாணவரும் அறிந்திருப்பது ஏன் இன்றியமையாதது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

எண்ணப்படுவது எது?

கணினிக்கு முன்பே எண்ணுதல் தொடங்கிவிட்டது. அமெரிக்க இயற்பியலாளர் தாமஸ் மெண்டன்ஹால், ஓர் எழுத்தாளர் எத்தனை எழுத்துள்ள சொற்களை எத்தனை முறை கையாள்கிறார் என்பதை வரைபடமாக்கினால் அது அவரது அடையாளமாகும் என்று கருதினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பிரான்சிஸ் பேக்கன் எழுதினாரா என்ற விவாதத்துக்கு விடை காண, ஏறத்தாழ 20 லட்சம் சொற்களை எண்ணச் செய்து 1901இல் முடிவை வெளியிட்டார். எண்ணியவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட இரு பெண்கள். பேக்கனின் வரைபடம் ஷேக்ஸ்பியருடன் பொருந்தவில்லை. மார்லோவின் வரைபடம் பொருந்தியது.

பிற்காலத்தவர் ஒரு பெரும் ஓட்டையைச் சுட்டிக்காட்டினர். பேக்கனிடமிருந்து எடுக்கப்பட்டவை உரைநடை. ஷேக்ஸ்பியரிடமிருந்து எடுக்கப்பட்டவை பெரும்பாலும் செய்யுள். ஒரே ஆள் இரண்டையும் எழுதினாலும் சொல்லின் நீளம் மாறும். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளப்பதாக எண்ணி, வடிவத்துக்கு வடிவம் உள்ள வேறுபாட்டை மெண்டன்ஹால் அளந்துவிட்டார். ஒத்ததை ஒத்ததோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது இத்துறையின் முதல் விதியாயிற்று. அந்த விதி மீறப்படும் இடங்களை மேலும் காண்போம்.

அடுத்த பெரும் திருப்பம் 1964இல் நேர்ந்தது. அமெரிக்க அரசமைப்பை ஆதரித்து 1787–88இல் புனைபெயரில் வெளிவந்த 85 'ஃபெடரலிஸ்ட்' கட்டுரைகளில் 12 கட்டுரைகளை ஹாமில்டன் எழுதினாரா, மாடிசன் எழுதினாரா என்ற கேள்வி நீண்ட காலம் தீராமல் இருந்தது. புள்ளியியலாளர்களான மோஸ்டெல்லரும் வாலஸும் பெரிய கருத்துச் சொற்களை ஒதுக்கிவிட்டுச் சின்னஞ்சிறு சொற்களை எண்ணினர். 'அப்பான்' என்ற ஓர் ஆங்கில இடைச்சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்கு ஏறத்தாழ மூன்று முறை பயன்படுத்துகிறார். மாடிசனிடம் அது மிக அரிது. இத்தகைய பல சொற்களைச் சேர்த்துக் கணக்கிட்டு, 12 கட்டுரைகளும் மாடிசனுடையவை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

இடைச்சொற்களை ஏன் எண்ண வேண்டும்? சுதந்திரம், வரி, போர் போன்ற சொற்கள் பேசுபொருளுக்கேற்ப மாறும். அவற்றை எவரும் பார்த்து எழுதவும் முடியும். ஆனால் 'இன்', 'உம்', 'ஆனால்', 'அந்த' போன்றவற்றை எழுதுபவர் எண்ணித் தேர்வதில்லை. அவை பழக்கத்தால் விழுபவை. ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பர்ரோஸ் 2002இல் வெளியிட்ட 'டெல்டா' முறையும் இதையே விரித்தது. மிகுதியாக வரும் 150 சொற்களை எடுத்து, ஒவ்வொன்றையும் பொதுச் சராசரியைவிட ஒருவர் எவ்வளவு கூட்டியோ குறைத்தோ பயன்படுத்துகிறார் என்று கணக்கிட்டு, அந்த விலகல்களின் இடைவெளியை அளப்பது அம்முறை. இடைவெளி மிகக் குறைவாக உள்ளவரே ஆசிரியராக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

கேடின் கலகத்தை எழுதிய கை

இம்முறைகளின் புகழ்பெற்ற களம் பதினாறாம் நூற்றாண்டின் ஆங்கில நாடகம். 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட புதிய ஷேக்ஸ்பியர் பதிப்பு, 'ஆறாம் ஹென்றி' நாடகத்தின் மூன்று பாகங்களுக்கும் கிறிஸ்டோபர் மார்லோவை இணை ஆசிரியராக அறிவித்தது. கணினிவழி எண்ணிக்கை அம்முடிவின் முக்கியத் தூண்களுள் ஒன்று. அதற்கு முன்பே, ஹ்யூ கிரெய்க், ஆர்தர் கின்னி ஆகியோர் 2009இல் வெளியிட்ட நூல், இரண்டாம் பாகத்தில் வரும் ஜாக் கேடின் கலகக் காட்சிகளில் மார்லோவின் கை தெரிவதாகச் சொல்லியிருந்தது. இம்முடிவுகளை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது.

கேட், 1450இல் கென்ட் பகுதியில் எழுந்த மக்கள் கலகத்தின் தலைவர். நாடகத்தில் அவரது ஆட்கள் கைவினைஞர்கள், உழைப்பாளிகள். வழக்கறிஞர்களை முதலில் கொன்றுவிட வேண்டும் என்று அவர்களுள் ஒருவர் முன்மொழிகிறார். தன் பெயரை எழுதத் தெரிந்த குற்றத்துக்காக ஓர் எழுத்தர் தூக்கிலிடப்படுகிறார். வழக்கறிஞர்களாகிய எங்களைப் பார்த்து நண்பர்கள் கேலியாக நினைவூட்டும் காட்சி இது. ஆனால் அதே காட்சிகளில் ஒரு கடும் சட்டக் குற்றச்சாட்டும் இருக்கிறது. எழுத்தறிவற்ற ஏழைகளைத் தூக்கிலிட்டாய் என்று ஒரு பிரபுவைக் கேட் குற்றஞ்சாட்டுகிறார். அக்கால இங்கிலாந்தில் ஒரு மறைநூல் வரியை வாசித்துக் காட்டினால் பல குற்றங்களில் மரணத்திலிருந்து தப்பலாம். குருமாருக்கென்று பிறந்த அந்தச் சலுகை, வாசிக்கத் தெரிந்தவர்களின் சலுகையாக வளர்ந்திருந்தது. கல்வி மறுக்கப்பட்டவருக்கு அதே சட்டம் தூக்குக் கயிறாயிற்று.

இக்காட்சிகளை எழுதியது ஷேக்ஸ்பியரா மார்லோவா என்பது ஆசிரியர்களுக்கு இடையிலான பாகப்பிரிவினை. நமக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேறு: கலகக்காரர்களுக்குக் கிடைத்த பேச்சு எத்தகையது? பிரபுக்கள் பெரும்பாலும் செய்யுளில் பேச, கேடின் கூட்டத்தார் பெரும்பாலும் உரைநடையில் பேசுகின்றனர். அக்கால மேடையில் இது தகுதியின் அடையாளம். இங்கேதான் மெண்டன்ஹாலின் ஓட்டை மீண்டும் திறக்கிறது. ஒரு காட்சி மற்றொன்றிலிருந்து எண்ணிக்கையில் விலகினால், அது ஆசிரியர் மாறியதாலா, அல்லது பேசுபவரின் வர்க்கம் மாறியதாலா? வர்க்கத்தைக் கணக்கில் கொள்ளாத எண்ணிக்கை, உழைப்பவரின் பேச்சை 'வேறொருவர் எழுதியது' என்று எளிதில் ஒதுக்கிவிடக்கூடும்.

மொழியே படிநிலையான மேடை

சமஸ்கிருத நாடகத்தில் இப்படிநிலை மறைமுகமானதன்று; எழுதப்பட்ட விதியே ஆகும். யார் எந்த மொழியில் பேச வேண்டும் என்று நாட்டிய சாஸ்திரம் வகுக்கிறது. அரசர், அமைச்சர், வேதியர் முதலிய உயர்நிலை ஆண்களுக்குச் சமஸ்கிருதம். பெண்களுக்கும் ஏவலர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பல்வகைப் பிராகிருதங்கள். நாடகத்தின் தலைவி சகுந்தலையே சௌரசேனிப் பிராகிருதத்தில்தான் பேசுகிறார். விதூஷகன் பார்ப்பனனாயினும் பிராகிருதம் பேசுகிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேடை மொழி வருணத்தை மட்டுமன்றிப் பாலினத்தையும் தகுதியையும் பாத்திர வகையையும் சேர்த்தே குறிக்கிறது.

சூத்திரகரின் மிருச்சகடிகம் இதன் உச்சம். பத்து அங்கங்கள் கொண்ட இந்நாடகத்தில் ஏழு வகைப் பிராகிருதப் பேச்சுகளைப் பழைய உரைகாரர் பிருதிவிதரர் இனங்கண்டு பெயரிட்டுள்ளார். அவற்றுள் ஒன்றுக்குப் பெயரே சாண்டாளி. ஒன்பதாம் அங்கம் ஒரு நீதிமன்றக் காட்சி. செய்யாத கொலைக்காகச் சாருதத்தன் என்ற வறிய பார்ப்பன வணிகன் தண்டிக்கப்படுகிறான். பத்தாம் அங்கத்தில் அவனைக் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்பவர்கள் இரு சண்டாளர்கள். சண்டாளக் குலத்தில் பிறந்தாலும் தாங்கள் சண்டாளர் அல்லர். நல்லவனைத் துன்புறுத்துவோரே பாவிகள், அவர்களே சண்டாளர்கள் என்று அவர்கள் சொல்கின்றனர். பிறப்பின் இழிவை மறுக்கும் இந்தக் கூற்று நாடகத்தில் சாண்டாளிப் பேச்சில்தான் வருகிறது.

முடிவில் உண்மை வெளிப்பட்டு அனைவருக்கும் பரிசு வழங்கப்படுகிறது. அடிமையாயிருந்த ஏவலன் விடுதலை பெறுகிறான். அந்த இரு சண்டாளர்களுக்கு என்ன கிடைக்கிறது? எல்லாச் சண்டாளர்களுக்கும் தலைவர் என்ற பதவி. பேச்சில் குலத்தைக் கடந்தவர்களை நாடகம் பரிசின் பெயரால் மீண்டும் குலத்துக்குள் அடைக்கிறது. மறுப்பும் அடைப்பும் அடுத்தடுத்து நிற்கும் இத்தகைய இடங்களையே நாம் நுணுகிப் படிக்க வேண்டும்.

நிழலை எண்ணுவதா?

இந்நாடகங்களைக் கணினிக்கு ஊட்டும்போது என்ன நேர்கிறது என்று பார்ப்போம். கல்லூரிகளில் புழங்கும் அச்சுப் பதிப்புகளில் பிராகிருத வரிகளுடன் அவற்றின் சமஸ்கிருத மாற்றும் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குச் 'சாயை' என்று பெயர். நிழல் என்பது பொருள். வாசகர் பலர் பிராகிருதத்தைத் தாண்டிச் சாயையை மட்டுமே படிக்கின்றனர். சமஸ்கிருதத்துக்காக உருவாக்கப்பட்ட சொற்பிரிப்புக் கருவிகள் பிராகிருத வரிகளில் தடுமாறும். அப்போது ஆய்வாளர்முன் இரண்டு குறுக்கு வழிகள் நிற்கின்றன. பிராகிருத வரிகளை இரைச்சல் என்று நீக்கிவிடலாம்; அல்லது சாயையை மூலமாக வைத்துக்கொள்ளலாம்.

நீக்கினால், சகுந்தலை நாடகத்தில் சகுந்தலையின் பேச்சே இராது. மீனவர் இரார். சண்டாளர் இரார். எஞ்சுவது உயர்நிலை ஆண்களின் நாடகம். சாயையை எண்ணினால் வேறொரு விபரீதம் நேரும். அரசனும் மீனவரும் ஒரே மொழி பேசுவர். மாகதியில் 'ர' ஒலி 'ல' ஆவதும், சகர ஒலிகள் ஒன்றாகிவிடுவதும், எழுவாயின் ஈறு மாறுவதும் காணாமற்போகும். பாத்திரங்களின் மொழியில் பெரிய வேறுபாடில்லை என்று கணினி அறிவிக்கும். அந்த எண்ணிக்கை கணக்களவில் பிழையற்றதாகவும் இருக்கும். படிநிலை அழிந்துவிடவில்லை; தரவைத் துப்புரவு செய்தபோது அது பெருக்கித் தள்ளப்பட்டுவிட்டது. நிரலாளர்கள் இந்தப் பணிக்குச் சூட்டியுள்ள பெயரே 'தூய்மைப்படுத்துதல்' என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிராகிருத வரிகளை அப்படியே எண்ணினாலும் அங்கே உண்மையான மீனவரின் குரல் கிடைத்துவிடாது. மேடைப் பிராகிருதம் இலக்கண விதிப்படி கற்றவர்கள் கட்டிய இலக்கிய மொழி. ஏடெழுதியோரும் பதிப்பித்தோரும் அதை விதிக்கேற்பத் திருத்தியும் உள்ளனர். சாண்டாளி என்பது சண்டாளர் பேசிய மொழியின் பதிவன்று. சண்டாளர் இப்படித்தான் பேசுவர் என்று கற்றோர் கருதியதன் பதிவு. எண்ணிக்கை நமக்குக் காட்டக்கூடியது அடக்கப்பட்டோரின் நாவை அன்று, அடக்கியோரின் செவியை. இந்த வரம்பை மறவாதிருந்தால் அதுவே மிகப் பயனுள்ள சான்றாகும்.

எடுத்துக்காட்டாக, வசந்தசேனை என்ற கணிகை சில இடங்களில் பிராகிருதத்தை விட்டுச் சமஸ்கிருதத்துக்கு மாறுகிறார். அம்மாற்றத்தை நாடகத்தின் மேடைக்குறிப்பே பதிவு செய்கிறது. எல்லைதாண்ட யாருக்கு அனுமதி உண்டு, எத்தனை முறை, எந்தச் சூழலில் என்று பல நாடகங்களில் எண்ணிப் பார்க்கலாம். இன்னொரு வழி, யார் யாரோடு பேசுகிறார் என்று கோடு போட்டு வலைப்படம் வரைவது. ஃபிராங்கோ மொரெட்டி 2011இல் ஹாம்லெட் நாடகத்துக்கு இவ்வாறு செய்து காட்டினார். சாகுந்தலத்துக்கு வரைந்தால் மீனவரின் கோடுகள் காவலரோடு நின்றுவிடும். அரசனின் நினைவையே மீட்டுத் தரும் மோதிரத்தைக் கண்டெடுத்தவர் அவர். ஆயினும் அரசனை ஒருமுறையும் சந்திப்பதில்லை. மோதிரம் உள்ளே போகிறது, அவர் வெளியே நிற்கிறார்.

ஓர் இரங்கற்பா தரும் எச்சரிக்கை

எண்ணிக்கையின் மீது கொள்ளும் மிகை நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் நாடக ஆய்வு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1612இல் அச்சான ஓர் இரங்கற்பாவை ஷேக்ஸ்பியர் எழுதினார் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஃபாஸ்டர் 1990களின் நடுவில் வாதிட்டார். கணினித் தரவுகள் அவரது வாதத்தின் பெருந்துணை. ஷேக்ஸ்பியர் தொகுப்புப் பதிப்புகள் சிலவற்றில் அப்பாடல் இடமும் பெற்றது. ஜான் ஃபோர்டு என்ற நாடக ஆசிரியரே அதை எழுதினார் என்று பிறர் நிறுவ, 2002இல் ஃபாஸ்டர் அதை ஏற்றுக்கொண்டார்.

இடைப்பட்ட காலத்தில் அவர் புலனாய்வுத் துறைகள் நாடும் வல்லுநராகியிருந்தார். 1996இல் பெயரின்றி வெளிவந்த ஓர் அரசியல் நாவலின் ஆசிரியரைச் சரியாகக் கண்டுபிடித்தது அவர் புகழைக் கூட்டியிருந்தது. 2001இல் அமெரிக்காவை உலுக்கிய ஆந்த்ராக்ஸ் கடிதங்கள் தொடர்பாக 2003இல் அவர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை, ஓர் உயிரியல் ஆய்வாளர் மீது ஐயம் விழச் செய்தது. அந்த ஆய்வாளர் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2007இல் அது சமரசத்தில் முடிந்தது. மறு ஆண்டு அவர் குற்றமற்றவர் என்று அரசே அறிவித்தது. 400 ஆண்டுப் பழைய பாடலின் ஆசிரியரைத் தவறாகச் சொன்னால் ஒரு பதிப்பைத் திருத்திக்கொள்ளலாம். உயிரோடிருக்கும் மனிதர்மேல் விழும் ஐயத்தை அவ்வளவு எளிதில் திருத்த இயலாது.

மேடையிலிருந்து காவல் நிலையத்துக்கு

இதே எண்ணும் முறை எளியவருக்குத் துணை நின்ற வரலாறும் உண்டு. 1952இல் லண்டனை அடுத்த குராய்டனில் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் 16 வயதுச் சிறுவர். சட்டப்படி அவரைத் தூக்கிலிட முடியாது. உடனிருந்த டெரெக் பென்ட்லி, எழுத்தறிவும் போதிய மனவளர்ச்சியும் இல்லாத 19 வயது இளைஞர், 1953 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒரு முக்கியச் சான்று. கேள்வி எதுவும் கேட்காமல், அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டதாகக் காவல்துறை கூறியது.

மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் அந்த வாக்குமூலத்தில் 'பிறகு' என்ற பொருளுடைய ஒரு சிறு ஆங்கிலச் சொல்லை எண்ணினார். 582 சொற்களில் அது 10 முறை வந்தது; அதாவது 58 சொற்களுக்கு ஒருமுறை. காவலர் எழுதிய வாக்குமூலங்களில் 78 சொற்களுக்கு ஒருமுறை வந்தது. சாதாரணச் சாட்சிகளின் வாக்குமூலங்களில் 930 சொற்களுக்கு ஒருமுறைதான். அச்சொல் எழுவாய்க்குப் பின்னே வந்து நிற்கும் முறையும் காவலரின் எழுத்து வழக்கே. பென்ட்லியின் வாயில் வைக்கப்பட்ட சொற்களில் காவல் நிலையத்தின் நடை இருந்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. விசாரணை நீதிபதி ஜூரிக்கு வழங்கிய அறிவுரையின் குறைகளே அத்தீர்ப்பின் முதன்மைக் காரணம். மொழியாய்வு மட்டுமே அவரை மீட்டது என்று சொல்வது மிகை. ஆயினும் ஒரு வாக்குமூலமும் நாடகத்தைப் போல ஒருவர் எழுதி இன்னொருவரைப் பேச வைப்பதாக அமையலாம் என்பதை அந்த எண்ணிக்கை துலக்கமாகக் காட்டியது.

நம் நாட்டில் காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்க இயலாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் சாதிய வன்கொடுமை வழக்குகளில் நாங்கள் திரும்பத் திரும்பக் காண்பது வேறொன்று: பாதிக்கப்பட்டவரின் புகாரும் சாட்சிகளின் வாக்குமூலங்களும் எழுதுபவரின் நடைக்கு மாறிவிடுகின்றன. ஐந்து சாட்சிகள் ஒரே வாக்கியத்தைப் பேசுகின்றனர். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்திய சொல் 'தகாத வார்த்தைகளால் திட்டி' என்ற சாயையாகச் சுருங்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளில் அந்தச் சொல்லே குற்றத்தின் உடல். சொல் போய்விட்டால் வழக்கும் போய்விடும்.

சட்டம் இதற்கு மருந்து வைத்திருக்கிறது. அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, வாய்மொழிப் புகாரை எழுதியபின் கையொப்பம் வாங்குமுன் புகார்தாரருக்கு வாசித்துக் காட்டுவதை அதிகாரியின் கடமையாக்குகிறது. வேண்டுமென்றே தவறினால் தண்டனையும் உண்டு. 15ஏ(10) பிரிவு, இச்சட்டத்தின் கீழான குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகளைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. காணொளியே மூலம், எழுதப்பட்ட தாள் அதன் சாயை. மூலத்தைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

மறுபுறம், மொழியாய்வு வல்லுநர்கள் நம் நீதிமன்றங்களுக்கும் வரக்கூடும். புதிய சாட்சியச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, வல்லுநர் கருத்துக்குரிய துறைகளோடு 'வேறெந்தத் துறையும்' என்று சேர்த்துக் கதவை அகலத் திறந்துள்ளது. ஒரு துண்டறிக்கையை, ஒரு சமூக ஊடகப் பதிவை இன்ன செயற்பாட்டாளர்தான் எழுதினார் என்று கணினி சொல்வதாக நாளை ஓர் அறிக்கை தாக்கலாகலாம். அன்று கேட்க வேண்டிய கேள்விகளை இன்றே கற்க வேண்டும். ஒப்பிடப்பட்ட உரைகள் ஒரே வகையைச் சேர்ந்தவையா? ஒரு தனி மடலையும் மேடைப் பேச்சையும் ஒப்பிட்டார்களா? எத்தனை சொற்கள் இருந்தன? சில நூறு சொற்களில் உறுதி கிடைப்பது அரிது. வேறு யார் யார் ஒப்பிடப்பட்டனர்? இருவரை மட்டும் நிறுத்தினால் மூன்றாமவர் எழுதியிருந்தாலும் கணினி இருவரில் ஒருவரையே காட்டும். தெரிந்த ஆசிரியர்களின் உரைகளில் இம்முறை எத்தனை முறை தவறியது? எவை நீக்கப்பட்டன, நீக்கியவர் யார்?

நந்தனை எண்ணுவது யார்?

தமிழ் மாணவர்களுக்கு இதில் உடனடியாகச் செய்யத்தக்க வேலை காத்திருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையில் நந்தனைத் தடுத்து அலைக்கழிக்கும் பார்ப்பனப் பண்ணையார் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் அந்த வேதியர் வந்து கதையின் நடுவே அமர்கிறார். அயோத்திதாசப் பண்டிதரோ தம் எழுத்தில் நந்தனைப் பௌத்த அரசனாக மீட்டுரைத்தார். மூன்று நந்தன்கள். யார் எவ்வளவு பேசுகிறார்? ஏவல் வினைகள் யார் வாயில், வேண்டுகோள் வினைகள் யார் வாயில்? ஆண்டை நந்தனை எப்படி விளிக்கிறார், நந்தன் அவரை எப்படி விளிக்கிறார்? நந்தனின் கூட்டாளிகளுக்குப் பேச்சு உண்டா, அவர்களைப் பற்றிய பேச்சு மட்டுந்தானா?

முன்னே சொன்ன எச்சரிக்கைகள் இங்கும் பொருந்தும். விருத்தத்தையும் கீர்த்தனையையும் உரைநடையையும் நடையளவில் ஒப்பிட்டால் மெண்டன்ஹாலின் பிழையே மிஞ்சும். பேச்சின் பங்கீட்டையும் விளியையும் ஏவலையும் ஒப்பிடலாம். தமிழில் இடைச்சொற்கள் பெரும்பாலும் தனியே நில்லாமல் பெயரோடும் வினையோடும் ஒட்டி வரும்; புணர்ச்சியில் உருமாறும். இடைவெளியைப் பார்த்துச் சொல்லைப் பிரிக்கும் ஆங்கிலக் கருவியை அப்படியே போட்டால் 'உம்', 'ஏ', 'ஓ', 'தான்' ஆகியவை கணக்கிலேயே வாரா. முதலில் சொற்களைப் பிரிக்க வேண்டும்; ஒவ்வொரு வரிக்கும் பேசுபவர் யார், யாரிடம் பேசுகிறார் என்று குறியிட வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு விரிதாளும் நான்கு மாணவர்களும் ஒரு கோடை விடுமுறையும் போதும்.

குறியிடும் அந்த வேலையே ஆய்வின் இதயம். 'ஏவலர்', 'சிறு பாத்திரம்', 'பிறர்' என்று யாரை எந்தக் கட்டத்தில் போடுகிறோமோ, அதுவே பின்னர் எண்ணாக வெளிவரும். பெயரின்றி 'முதலாம் சண்டாளன், இரண்டாம் சண்டாளன்' என்று நிற்பவர்களைச் 'சிறு பாத்திரங்கள்' என்ற கட்டத்தில் தள்ளிவிட்டால், பத்தாம் அங்கத்தின் மிகக் கூர்மையான கூற்று எந்த அட்டவணையிலும் தென்படாது. அந்தக் கட்டங்களை வரையும் மேசையில் இதுவரை நம்மவர் மிகக் குறைவு. நிரலாக்கம் கற்கும் தலித் மாணவரும், இலக்கியம் கற்கும் தலித் மாணவரும், சட்டம் கற்கும் தலித் மாணவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே ஒரு நாடகத்தை வரிவரியாகக் குறியிட்டுப் பொதுவில் வைத்தாலும், அடுத்து வரும் ஒவ்வோர் ஆய்வும் அதைக் கணக்கில் கொள்ள நேரும். அந்தப் பழக்கத்தோடு காவல் நிலையத்துக்குச் செல்பவர், எழுதி நீட்டப்படும் தாளில் யாருடைய சொல் இருக்கிறது என்று வாசித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவார்.